இறாக்கையிற் காணும் இலக்கணம்

கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் கூடுமிடம் மாங்குளம். ஊருக்குப் பெயர் தந்தது குளமேயாயினும், ஊரை ஊராக்கியது சந்தியே. வடக்கே யாழ்ப்பாணம் செல்வோரும், தெற்கே வவுனியா செல்வோரும், கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்வோரும் இங்கே இறங்கி ஏறியே போதல் வேண்டும். புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டிலே காங்கேசன்துறையை எட்டியது. அப்பாதையிலும் மாங்குளம் ஒரு நிலையமாயிற்று. 1990 இல் புகையிரதம் நின்றது. பின்னர்த் தண்டவாளமும் போயிற்று, சிலிப்பர்க் கட்டையும் போயிற்று. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊரிலிருந்த மக்களும் போயினர். மீண்டு வந்தவர்கள் வெறுநிலத்திலே வாழ்வைத் தொடங்கினார்கள். 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் புகையிரதம் மறுபடி ஓடிற்று. அன்று மாலை சூட்டினோம், தேங்காய் உடைத்தோம்.

இவை யாவரும் கண்ட வரவுகள். மாலையும் தேங்காயும் பெறாத வரவு ஒன்றும் உண்டு. கண்ணிவெடி அகற்றிய மண்ணின் கீழும், மின்கம்பங்களை ஒத்த கம்பங்களின் மேலும், கறுப்பு நிறமான வடம் ஒன்று ஓசையின்றி வந்து சேர்ந்தது. அவ்வடத்தினுள்ளே கண்ணாடி இழைகள், இழைகளினுள்ளே ஒளி. ஒளியிழை என்று நூல்கள் கூறும். 'பைபர்' என்று ஊர் கூறும்.

தமிழ்ப் பண்டிதனுக்குக் கண்ணாடி இழையில் என்ன அலுவல் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். வடத்தைப்பற்றி எழுத நான் வரவில்லை. அது வந்து முடியும் இறாக்கையைப்பற்றி எழுதவே வந்தேன். அங்கே நடைபெறும் வேலை ஒருவகை எழுத்து வேலை என்பதும், அதனை எழுத்தறிவோடு சேர்த்து நம் பிள்ளைகளுக்குத் தமிழிலே கற்பித்தல் வேண்டும் என்பதும் என் கட்சி.

முதலில் இழையின் இயல்பைச் சிறிது காண்போம். ஒரு மில்லிமீற்றரை எட்டுக் கூறாக்கினால் அதில் ஒரு கூறே இழையின் குறுக்களவு. அதன் நடுவே ஒளி செல்லும் உள்ளகம் இன்னும் நுண்ணியது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறிட்டால் அவற்றில் ஏறக்குறைய ஒன்பது. உள்ளகத்தைச் சூழ்ந்திருப்பதும் கண்ணாடியே. ஆயினும் அது சற்றே வேறுபட்ட கண்ணாடி. இந்தச் சிறு வேறுபாட்டினால் ஒளி வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே தெறித்துத் தெறித்துச் செல்கின்றது. நம் குளங்களிலே முக்குளிக்கும் சிறுவர்கள் இதனை அறிவார்கள். நீருக்குள் இருந்துகொண்டு மிகச் சாய்வாக மேலே நோக்கினால் வானம் தெரியாது. நீர்ப்பரப்பு வெள்ளித் தகடு போல மின்னி, குளத்தின் அடியையே திருப்பிக் காட்டும். முழு அகத்தெறிப்பு என்று பாடநூல் கூறுவது அதுவே.

1854 இல் ஜோன் தின்டால் என்னும் அறிஞர் இலண்டனிலே நீர்த்தாரை ஒன்றினுள் ஒளி வளைந்து செல்வதைச் செய்து காட்டினார். சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1954 இல், பஞ்சாபிலே மோகா என்னும் ஊரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹொப்கின்ஸ் என்பவரோடு கூடிக் கண்ணாடி இழைக் கற்றையினூடே உருவத்தைச் செலுத்திய செய்தியை வெளியிட்டார். ஆனால் அக்காலத்துக் கண்ணாடியிலே ஒளி சிறிது தூரம் செல்லுமுன் மாய்ந்துபோயிற்று. ஒரு கிலோமீற்றர் சென்றபின் நூறில் ஒரு பங்கு எஞ்சினாலும் போதும், தொலைத்தொடர்புக்கு உதவும் என்று 1966 இல் சார்ல்ஸ் காவோவும் ஹொக்கமும் கணித்துக் காட்டினர். 1970 இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அத்தகைய இழையை உருவாக்கினர். இன்றைய இழையிலோ பதினைந்து கிலோமீற்றர் சென்றபின்னும் ஒளியிற் பாதி எஞ்சி நிற்கும். காவோவுக்கு நோபல் பரிசு 2009 இல் வழங்கப்பட்டது. அந்த ஆண்டை வன்னி வேறு காரணத்தால் நினைவில் வைத்திருக்கின்றது.

தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே கடலின் அடியில் ஒளியிழை வடம் போடப்பட்டுச் சேவைக்கு வந்தது 2006 இல். இரண்டு கரைகளும் ஒளியால் இணைந்த அதே ஆண்டின் ஆகஸ்ட் மாதத்திலே கண்டி வீதி மூடப்பட்டது. தூத்துக்குடிச் செய்தி கண்ணிமைக்குமுன் கொழும்புக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக் கடிதம் மாங்குளத்துக்கு வர வழியில்லை. இதற்குமேல் இதனை விரிக்க வேண்டுவதில்லை.

இனி இறாக்கைக்கு வருவோம். இறாக்கை என்பது ஈழத்தவர் வீட்டுச் சொல். புத்தகம் அடுக்குவதும், பானை சட்டி வைப்பதும், கணினி வலையமைப்பின் கருவிகளைப் பூட்டி வைப்பதும் இறாக்கையே. இப்பின்னைய இறாக்கையின் அகலம் உலகெங்கும் பத்தொன்பது அங்குலம்; ஒவ்வொரு தட்டின் உயரமும் ஒன்றேமுக்கால் அங்குலத்தின் மடங்கு. பழைய தொலைபேசி நிலையங்களிலிருந்து வந்த அளவு இது. எந்த நாட்டில் எவர் செய்த கருவியும் மற்றெந்த நாட்டு இறாக்கையிலும் பொருந்தும். எழுத்து அளவும் அடிவரையறையும் முன்னரே வகுத்து வைத்த யாப்பு எனலாம்.

மாங்குளத்திலே ஓர் அலுவலகத்துக்கு வடம் வந்து சேர்ந்த நாளில், அதன் முனைகளைச் சீர்செய்து இறாக்கையில் ஒழுங்குபடுத்த ஓர் இளைஞர் வந்தார். ஒரு காலைப்பொழுது முழுவதும் அவர் அருகில் இருந்து பார்த்தேன். வயது இருபத்தைந்து இருக்கும். பேச்சுக் குறைவு, கை நிதானம்.

வடத்தின் மேற்றோலைக் கத்தியால் வளையமாக வெட்டிக் கழற்றினார். உள்ளே அலைபோல் மடிந்த உருக்குத் தகடு. "எலிக்கும் அணிலுக்கும் பயந்து போட்ட கவசம், சேர்" என்றார். அதனையும் அகற்ற, மெல்லிய குழாய்கள் தோன்றின. அவற்றினுள்ளே நீர் புகாதிருக்கப் பசைபோன்ற பொருள். அதனைத் துடைத்தபின் இழைகள் வெளிப்பட்டன. ஒரு குழாய்க்குப் பன்னிரண்டு இழைகள்; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம். நிறங்களுக்கு மாறாத முறைவைப்பு உண்டு. நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, கடல்நீலம். அவர் இதனை வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டார். அக்காலத்துத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளைகள் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிற்று. இந்தப் பன்னிரண்டும் தெரியாதவன் வன்னியில் வெட்டிய முனையை வவுனியாவில் அடையாளங் காணமாட்டான்.

பின்னர் நிகழ்ந்தது மிக நுண்ணிய வேலை. முதலில் ஒரு சிறு குழாயை இழையிலே கோத்துக்கொண்டார். ஒட்டு முடிந்தபின் அவ்வொட்டின்மேல் இழுத்துச் சூடாக்கிக் காப்பிடும் குழாய் அது. ஒட்டுமுன்னரே கோத்தல் வேண்டும். மறந்துவிட்டால் ஒட்டியதை வெட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அடுத்து இழையின் மேற்பூச்சை உரித்தார். மதுசாரம் தோய்ந்த துணியால் இழையைத் துடைத்தார். துடைக்கும்போது அது கீச்சென்று ஒலித்தது. அவ்வொலி கேட்டாற்றான் துப்புரவாயிற்று என்று பொருளாம். பின் கண்ணாடியை வெட்டினார் என்று சொல்லலாம், உண்மையில் வெட்டுவதில்லை. கூரிய அலகால் ஒரு கீறல் இட்டு மெல்ல வளைக்க, அது தானே செங்குத்தாக முறிகின்றது. முறிந்த முகம் ஒரு பாகைதானும் சாயாதிருத்தல் நன்று.

இரண்டு முனைகளையும் ஒட்டுப்பொறியில் எதிரெதிராக வைத்து மூடினார். பொறியின் சிறு திரையிலே அவை இரண்டு தூண்கள்போலப் பெரிதாகத் தோன்றி, ஒன்றையொன்று நாடி நகர்ந்து நேர்நின்றன. மின்பொறி ஒன்று பளிச்சிட்டது. இரண்டும் உருகி ஒன்றாயின. ஒட்டிய இடம் திரையில் தெரியவேயில்லை. நல்ல ஒட்டிலே இழக்கும் ஒளி நூறில் ஒரு பங்களவே. தொகைநிலைத் தொடரில் உருபு மறைந்தும் பொருள் குறையாமல் நிற்குமன்றோ, அதுபோல.

வெட்டி விழுந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடியுள்ள சிமிழொன்றில் இட்டார். அவை கண்ணுக்குத் தெரியா. தோலில் ஏறினால் எடுப்பது அரிது. நான் கொண்டுவந்த தேநீரை அவர் அம்மேசையில் வைக்க விடவில்லை. இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுசென்று பார்க்க முயன்ற ஒருவரையும் தடுத்தார். இதிற் செல்லும் ஒளி கட்புலனாகாத ஒளி. பார்ப்பவனுக்கு ஒன்றுந் தெரியாது, கண்மட்டும் கெடும்.

ஒட்டிய இழைகளைத் தட்டத்திலே வளையமாகச் சுற்றி வைத்தார். கண்ணாடி வளைதலைப் பொறுக்கும், மடிதலைப் பொறுக்காது. சாதாரண இழையை ஒரு தேங்காய்ச் சிரட்டையின் வாயைவிடக் குறுகச் சுற்றாதிருத்தல் பாதுகாப்பு. குறுகினால் இழை முறியாமலே இருக்கும், ஒளிமட்டும் வளைவிலே வெளியேறிவிடும். எங்கே பிழை என்று எவருக்கும் புலப்படாது. இழுத்துக் கட்டுவதும் இவ்வாறே தீங்கு. ஆகவே பிளாஸ்திக்குப் பட்டியால் நெரித்துக் கட்டாமல், ஒட்டியும் கழற்றியும் எடுக்கத்தக்க துணிப்பட்டியால் அவர் தளர்வாகக் கட்டினார். எதிர்காலத்தில் மீண்டும் ஒட்டவேண்டி வந்தால் உதவ, ஒவ்வோர் இழையிலும் சிறிது நீளம் மிச்சம் விட்டார்.

முனைகளில் நீலத் தலையும் பச்சைத் தலையும் உண்டு. பச்சைத் தலையின் முகம் எட்டுப் பாகை சாய்த்து மெருகிடப்பட்டது. நீலத்தோடு அது கூடாது. கூட்டினால் இரண்டுக்கும் கேடு. எந்தத் தலையானாலும் செருகுமுன் துடைத்தல் விதி. மாங்குளத்துச் செம்மண் தூசியில் ஒரு துகள் போதும், அந்த ஒன்பது கூறளவான வாயிலை அடைத்துவிட. ஒளியிழை வேலையில் வரும் கோளாறுகளிற் பல தூசியாலேயே வருவன என்பது அவர் அனுபவம். உலகெங்கும் இத்தொழிலாளர் கூறுவதும் அதுவே.

இவ்வளவும் முடிந்தபோது நண்பகல் கழிந்திருந்தது. இனி எழுந்து போவார் என்று எண்ணினேன். அவரோ சப்பாணி கொட்டி அமர்ந்து, சிறு சீட்டுகளிலே எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு வடத்தின் இரு முனைகளிலும் ஒரே வாசகம். இன்ன தட்டின் இத்தனையாவது கண்ணிலிருந்து, இன்ன கருவியின் இத்தனையாவது கண்ணுக்கு. இதற்கு இன்னும் ஒரு மணி நேரம் சென்றது. அலுவலகத்தார் சிலர் முணுமுணுத்தனர். வேலை செய்கின்றதே, பிறகென்ன என்பது அவர்கள் வாதம்.

அவர்களுக்கு விடையாக வேறோர் இடத்து நிகழ்ச்சியை இங்கே கூறுவேன். இடத்தின் பெயர் வேண்டாம். பரீட்சைக்கு இணையவழியே விண்ணப்பிக்கும் இறுதி நாள். அங்கே இறாக்கையைத் திறந்தால் மஞ்சள் வடங்கள் சேமியாபோற் பின்னிக் கிடக்கும். சிலவற்றிலே '3' என்றும் '7' என்றும் வெறும் எண், பலவற்றில் அதுவுமில்லை. துப்புரவில் ஆர்வமுள்ள ஒருவர் பயனற்றதென்று கருதி ஒரு வடத்தைப் பிடுங்கினார். இணையம் நின்றது. பதைத்துத் திரும்பச் செருகினார். எந்தக் கண்ணிலிருந்து பிடுங்கினார் என்பது அதற்குள் மறந்துபோயிற்று. ஒன்றை மாற்ற மற்றொன்று குழம்பிற்று. அன்று அங்கே காத்திருந்த நான்கு பிள்ளைகளில் மூவர் வவுனியாவுக்குப் பஸ் ஏறினர். ஒருத்தி ஏறவில்லை, கையிற் பணமில்லை. அவள் மறு ஆண்டே பரீட்சை எழுதினாள். இழைக்கு ஒன்றும் நேரவில்லை. ஒளிக்கு ஒன்றும் நேரவில்லை. ஒரு சீட்டு இல்லாமையால் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டு போயிற்று.

இந்த இடத்திலேதான் இலக்கணம் வருகின்றது. 'இருந்து' என்பது நீங்கற் பொருள். ஐந்தாம் வேற்றுமையின்பாற் படும். 'கு' என்பது நான்காவது. எங்கிருந்து, எங்கே என்னும் இரண்டும் இல்லாத சீட்டு, சீட்டன்று. '3' என்று மட்டும் எழுதியவருக்கு அது விளங்கும். அவர் உயிரோடும் ஊரோடும் நினைவோடும் இருக்கும்வரை விளங்கும். பிறிதொருவருக்கு விளங்குவதன்றோ எழுத்து? தனக்கு விளங்குவது குறி. அவ்வளவே.

ஏடு கட்டிய நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஓலைகளிலே துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டமிட்டுக் கட்டினர். ஒவ்வோர் ஏட்டிலும் எண் இட்டனர். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தாலும் எண் இருந்தால் மீட்கலாம். எண் செல்லரித்த சுவடியை என் செய்வது? சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) ஏடுகள் அழிந்தொழிவதைக் கண்டு தம் பதிப்புரைகளிலே வருந்தி எழுதியதை இலக்கிய அன்பர்கள் அறிவர். முதலும் இறுதியும் இல்லாத சுவடிகளோடும், ஒன்றோடொன்று கலந்த சுவடிகளோடும் அவரும் உ. வே. சாமிநாதையரும் பட்ட பாட்டினால் அன்றோ இன்று சங்க நூல்களை நாம் படிக்கின்றோம்? அவர்களுக்கு உதவியவர் யாவர்? பல தலைமுறைக்கு முன், இனிப் படிக்க வருபவன் யாரென்றே அறியாமல், ஏட்டின் ஓரத்திலே பொறுமையோடு எண்ணிட்ட பெயர் தெரியாத எழுத்தாளர்கள். இறாக்கையின்முன் சப்பாணி கொட்டியிருந்த இளைஞரை அவர்கள் வரிசையிலே வைப்பது மிகையென்று எனக்குத் தோன்றவில்லை.

ஒப்புமை இவ்வளவில் நிற்பதுமன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கிலே சேர்த்து வைத்திருக்கின்றது. மாங்குளத்துப் பிள்ளை ஒன்று அவற்றைத் திறப்பது இந்த இழையின் வழியாக. சுவடி கட்டிய கயிற்றின் வேலையை இன்று இக்கண்ணாடி செய்கின்றது.

இனி மொழியைப்பற்றி ஒரு வார்த்தை. அந்த இளைஞர் இத்தொழிலை எங்கே கற்றார் என்று விசாரித்தேன். மூத்த தொழிலாளர் ஒருவருக்கு உதவியாளாக இரண்டு ஆண்டு நின்று கண்ணாற் கண்டும் காதாற் கேட்டும் கற்றாராம். தமிழிலே வழிகாட்டி நூல் ஒன்றும் அவர் கைக்கு எட்டவில்லை. பொறியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் படங்களை மட்டும் பார்ப்பாராம். கிளிநொச்சி அறிவியல் நகரிலே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் 2016 முதல் இயங்குகின்றது. அங்கே செல்லும் பேறு பெற்றவர்கள் சிலர். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வீதியிலே நிற்பவர்கள் பலர். நான் பேசுவது பலரைப்பற்றி.

தமிழால் இயலுமோ என்ற ஐயம் ஈழத்தவருக்கு வரவே கூடாது. மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தமிழிற் கற்பித்து, தமிழிலே நூலும் ஆக்குவித்தார். அவர் அமெரிக்கர். காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற சுவாமி விபுலாநந்தர், 1936 இல் சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் வழியிலே நாம் ஓரடியேனும் எடுத்து வைத்தல் ஆகாதா?

எல்லாவற்றுக்கும் சொற் படைக்கவேண்டும் என்பவரோடு நான் உடன்படேன். 'பைபர்' ஊரிலே வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். ஒளியிழை நூலிலே இருக்கட்டும். சொற்களைச் சண்டையிட விடாமல் அவரவர் இடத்தில் இருத்துவதே ஆசிரியர் கடன். நான் கவனித்தது வேறொன்று. அன்றைய வேலை முழுவதையும் அவர் எனக்குச் சொன்னபோது, கருவிகளின் பெயரெல்லாம் ஆங்கிலம், வினைகளெல்லாம் தமிழ். உரி, துடை, கீறு, முறி, கோ, ஒட்டு, சுற்று, கட்டு, எழுது. ஒன்பது வினைகள். ஒவ்வொன்றையும் எவ்வளவு, எப்போது, ஏன் என்று விரித்தெழுதினால் ஒரு சிறு கைந்நூல் ஆகிவிடும். அதற்கு அகராதிக் குழு வேண்டாம்; தொழில் தெரிந்த ஓர் இளைஞரும் தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியரும் ஒரு மாதம் கூடியிருந்தால் போதும். கோத்தபின்னரே ஒட்டு என்னும் விதியை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால், எத்தனை பேருக்கு எத்தனை நாள் மிச்சமாகும்!

நம் பாடசாலைகளிலும் இப்போது கணினிக் கூடங்களும் இறாக்கைகளும் உள்ளன. கட்டுரைப் பாடத்திலே 'நான் ஒரு குடை பேசுகிறேன்' என்று ஆண்டாண்டாக எழுதுவிக்கின்றோம். ஒரு வகுப்பைக் கணினிக் கூடத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள வடம் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் பிழையாது சீட்டு எழுதச் செய்தால் என்ன? வடத்தைத் தொடாமல், கருவியை அசைக்காமல், ஆசிரியர் முன்னிலையிலே. கதவின் உட்புறத்தில் ஒட்ட ஒரு படமும் வரையலாம். அந்த அலுவலகத்தில் இளைஞர் அப்படி ஒன்றை ஒட்டிச் சென்றார். பன்னிரண்டு இழைகளில் நான்கு மட்டுமே பயன்படுகின்றன. மற்றை எட்டுக்கும் எதிரே, நிறத்தின் பெயரை எழுதி, 'வெறுமை' என்று குறித்திருந்தார். கையெழுத்து அவ்வளவு அழகன்று. றகர ரகர வேறுபாடு மட்டும் பிழையின்றி இருந்தது.

சொல் ஒன்று எஞ்சியிருக்கின்றது. ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குச் செல்லும் குறுகிய மஞ்சள் வடத்தை அவர்கள் 'பச் கோட்' என்கின்றார்கள். 'இணைப்பு வடம்' என்று நான் சொல்லிப் பார்த்தேன். "வெளியே கிடக்கிற பெரிய வடமும் இணைக்கிறதுதானே, சேர்?" என்று கேட்டுவிட்டார். அவர் கேள்வி நியாயமானது. இதனினும் பொருத்தமான சொல் அறிந்த அன்பர்கள் இப்பகுதிக்கு எழுதுவார்களாயின், அவரிடம் சொல்லி வைப்பேன். அடுத்த மாதம் ஒட்டுசுட்டானுக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லியிருக்கின்றார்.